உள்ளேயா, வெளியேயா

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு ஒரு காகிதம் கிழிந்தது. சாவிக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

கிழித்தவள் காது பரிசோதனை செய்யும் பெண். இரண்டு துண்டுகளையும் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உக்காருங்க சார். பேப்பர்தான்."

"பேப்பரா? கூரை பிரிஞ்சு விழுதுன்னு நெனச்சேன்."

தன் குரலைக் கேட்டு இன்னொரு முறை திடுக்கிட்டார். யாரோ தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுப் பேசுவது போலிருந்தது. பின்னால் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் எப்பவும் இப்படித்தான் பேசுவேனா?"

"இதைவிடச் சத்தமா," என்றாள்.

அந்தப் பெண் சொன்னாள்: காதுக் கருவிகளை ஒரு மாதம் போட்டுப் பார்க்கலாம். பழகுவதற்கு நாளாகும். காதுக்குள் இருக்கும் பழைய இரைச்சல் போய்விடாது. மற்ற சத்தங்கள் வந்து சேர்ந்தால் அதன் மேல் கவனம் குறையும். புதிதாக ஏதாவது இரைச்சல் தொடங்கினால் மட்டும் உடனே வர வேண்டும். சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அப்படியானால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அவர் தலையாட்டினார். சட்டைக் காலர் கழுத்தில் உரசும் சத்தம் கேட்டது. இன்னொரு முறை ஆட்டினார். மறுபடியும் கேட்டது.

"போதும், வாங்க," என்றாள் மனைவி.

பழைய இரைச்சலுக்கு அவர் வீட்டில் ஒரு பெயர் இருந்தது: வாடகைக்காரர். வாடகை தராதவர், காலி செய்யாதவர், இரவு பகல் பாராமல் ஒரே விசிலை அடித்துக்கொண்டிருப்பவர். அவர் குடிவந்த பிறகு வெளியுலகின் மெல்லிய சத்தங்களுக்கும் தலைக்குள் கேட்பதற்கும் வித்தியாசம் தெரியாமல் போனது. அதற்கு ஒரு வழி செய்துகொண்டார்கள். சந்தேகம் வந்தால் சாவிக்காரர் ஆள்காட்டி விரலைத் தூக்குவார்.

"உள்ளயா, வெளியயா?"

மனைவி செய்துகொண்டிருக்கும் வேலையிலிருந்து தலையைத் தூக்காமல் தீர்ப்புச் சொல்வாள். உள்ளே என்றால் வாடகைக்காரர். வெளியே என்றால் போன், காலிங் பெல், விசிலடிக்கும் கெட்டில். மேல்முறையீடு கிடையாது. ஒரே ஒருமுறை, அவள் உள்ளே என்று சொன்ன விசில் அடுப்பிலிருந்து வந்ததாக இருந்து, கெட்டில் கருகிப்போனது. அதற்கும் திட்டு வாங்கியவர் அவர்தான். கேட்ட விதம் சரியில்லையாம்.

அவளுக்குப் பாம்புக் காது என்று அவள் தம்பி சொல்வான். அவளும் மறுத்ததில்லை.

சந்தையிலிருந்து பிரியும் தெருவில் அவர்கள் கடை. கடைக்குள் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வெளியே போக வேண்டும். ஒரு சுவர் முழுக்க ஆணிகள், ஆணிகள் முழுக்க வெட்டாத சாவிகள். நடுவில் சாவி வெட்டும் மெஷின். இந்தப் பக்கம் அவருடைய ஸ்டூல், அந்தப் பக்கம் அவளுடையது. கடை திறந்த நாளிலிருந்து அப்படித்தான். வருகிறவர்கள் சொல்வதை அவள் வாங்கி, மெஷினுக்கு மேலாக அவரிடம் கத்துவாள். அடுத்த கடை அவள் தம்பியின் ஜெராக்ஸ் கடை. இடையில் மரத் தட்டி மட்டும். அதுவும் கூரையைத் தொடாது.

அன்று மத்தியானம் கடைக்கு வந்ததும் தம்பி தட்டிக்கு மேல் தலையை நீட்டினான்.

"மாமா, கேக்குதா?"

"கத்தாதேடா மாப்ள. காது வலிக்குது."

சொல்லிவிட்டு அவரே வாயைப் பிளந்தார். வாழ்க்கையில் அவர் சொல்வோம் என்று நினைத்திராத வாக்கியம் அது.

தெருவில் ஒரு லாரி போனது. சுவரிலிருந்த சாவிகள் எல்லாம் ஒன்றாகச் சிலிர்த்தன. தகரக் கூரையில் தூறல் விழுவது போல, அதைவிடச் சன்னமாக, மேலிருந்து கீழாக ஓடி அடங்கியது. அவர் மெஷினை நிறுத்திவிட்டுச் சுவரின் முன்னால் போய் நின்றார்.

"இது தினமும் நடக்குதா?"

"எது?"

"சாவி எல்லாம் பேசுறது."

அவள் சுவரைப் பார்த்தாள். "லாரி போனா ஆடும். பார்த்திருக்கேனே."

அடுத்த லாரிக்காக அவர் வாசலில் காத்திருந்தார். லாரி வரவில்லை. உள்ளே வந்து சுவரைக் கையால் தட்டினார். சாவிகள் பேசின. இன்னொரு முறை தட்டினார்.

"தம்பி," என்று அவள் தட்டியைப் பார்த்துக் கூப்பிட்டாள். "உங்க மாமா செவுத்தோட சண்டை போடுறார். அப்படியே வந்து இந்த ட்யூப்லைட்டையும் பாரு. ங்ங்ஙன்னு இழுத்துக்கிட்டே இருக்கு. மாத்துன்னு எத்தனை தடவை சொல்றது?"

"ரெண்டு தடவை மாத்திட்டேன்க்கா."

"மூணாந்தடவை மாத்து."

வாடிக்கையாளர் ஒருவர் தன் கூட்டாளியிடம் தணிந்த குரலில் சொன்னார்: "இந்த ஆளு சரியான சிடுமூஞ்சி."

"சிடுமூஞ்சிதான்," என்றார் சாவிக்காரர் மெஷினிலிருந்து நிமிராமல். "சாவி சரியா இருக்கும்."

அவர் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சத்தமும் நன்றாக இருந்தது.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். பல் தேய்த்தபோது தலைக்குள் ரம்பம் ஓடியது. கழிவறையில் தண்ணீர் திறந்துவிட்டு, துரத்தப்பட்டவர் போல வெளியே ஓடிவந்தார். அலமாரிக் கதவு முனகியது. எண்ணெய் போட்டார். பிறகு வருத்தப்பட்டார். தொப்பி போட்டுப் பார்த்தால் கருவிகள் விசிலடித்தன. மனைவியின் தோளில் கைபோட்டு முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் வீல் என்று கத்தின.

"நல்லதாப் போச்சு," என்றாள். "இனிமே சைரனோட வருவீங்க."

சிரித்தாள். அவள் சிரிப்பின் கடைசியில் ஒரு சின்ன விக்கல் இருந்தது. அது இருந்ததையே அவர் மறந்திருந்தார். அதற்காக அன்று மாலை மூன்று மொக்கை ஜோக் சொன்னார். மூன்றாவதற்கு அவள் சிரிக்கவில்லை. அதனால் தொப்பியை மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டு விசிலோடு நடந்து காட்டினார். விக்கல் வந்தது.

சத்தங்களின் கூட்டம் கொஞ்சம் பழகிய பிறகு, வியாழக்கிழமை கடையில் அந்தப் புதுச் சத்தம் தனியாகக் கேட்டது.

கீச்.

சின்னது, கறாரானது. ஊசியால் ஒரு குத்து. பிறகு ஒன்றுமில்லை. ஒரு சாவி வெட்டி முடித்து மெஷின் நின்றதும் மறுபடியும்: கீச்.

அவர் விரலைத் தூக்கினார். "உள்ளயா, வெளியயா?"

"உள்ள," என்றாள் அவள், சில்லறையைப் பிரித்தபடி.

கீச்.

"இப்போ?"

"உள்ளதாங்க."

"இது வாடகைக்காரர் குரல் இல்ல. வேற குரல்."

"அப்ப அவருக்குக் கல்யாணம் ஆயிருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. புதிதாக ஏதாவது தொடங்கினால் உடனே வர வேண்டும். சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. கருவிகளைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கீச் இல்லை. சாவிகள் இல்லை. தெரு இல்லை. வாடகைக்காரர் மட்டும் நிம்மதியாக விசிலடித்துக்கொண்டிருந்தார். மாட்டினார். கீச்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"காது மெஷின்தான் பண்ணுதா?"

"அப்படித்தான் தெரியுது. நாளைக்குப் போய்த் திருப்பிக் குடுத்துடுறேன்."

"கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்களேன். இப்பத்தான் என் தொண்டைக்கு லீவு கிடைச்சிருக்கு."

"புதுசா ஒருத்தரைக் குடிவெச்சுட்டா அப்புறம் அவரையும் காலி பண்ண முடியாது."

அன்று மாலை அவர் ஊர் விட்டுப் போகிறவன் மாதிரி நடந்துகொண்டார். கேட்கக் கூடியது எதையும் மிச்சம் வைக்கவில்லை. தீக்குச்சியைக் கிழித்து அணைத்தார், இன்னொன்றைக் கிழித்தார். வாளியில் ஒவ்வொரு சொட்டாகத் தண்ணீர் விட்டார். மனைவி வெங்காயம் நறுக்கும்போது கிட்டே போய்க் குனிந்து நின்றார். கண் எரிந்து நீர் வழிந்தும் நகரவில்லை. படிக்கட்டில் ஏறினார், இறங்கினார். அடுத்த வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல," என்றார்.

படுக்கும்வரை அந்தக் கீச் ஒருமுறைகூட வரவில்லை. இரக்கப்பட்டு விட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் கடையைத் திறந்ததும் கீச் வரவேற்றது. கருவிகளின் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனார். கழற்றவில்லை. அந்தப் பெண்ணின் மேஜைவரை கேட்டுக்கொண்டே போகலாம் என்றிருந்தார். ஒரு பஸ் மூச்சுவிட்டு நின்றது. கதவு பெருமூச்சுவிட்டு மூடியது. பள்ளிப் பைகளின் ஜிப்புகள். ஒருவர் தினசரியை மடித்தார், அடடா, என்ன மடிப்பு. அடுத்த பஸ்ஸையும் விட்டுவிட்டார்.

அதற்கு அடுத்த பஸ் போன பிறகுதான் அது உறைத்தது. கீச் வரவில்லை.

மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார். சத்தங்களுக்கு அடியில் வாடகைக்காரர் வழக்கம்போல விசிலடித்தார். அவர் பஸ் ஸ்டாப்புக்கும் வந்திருந்தார். வீட்டுக்கும் வருவார், கடைக்கும் வருவார். தலைக்குள் குடியிருப்பவர் தலையோடு வந்துதானே ஆக வேண்டும்? புதியவர் மட்டும் ஏன் கடையிலேயே தங்கிவிட்டார்?

அவர் ஓடினார். பைக்குள் டப்பா குலுங்குவதைக் கேட்டுக்கொண்டே ஓடினார்.

கடைக்குள் நுழைந்ததும் நேராக மண்டியிட்டார்.

"என்னங்க இது? ஆளுங்க வர்ற நேரத்துல!"

"பேசாதே."

கீச்.

தலையை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். ஒரு காதைத் தரைக்குக் காட்டினார், மறு காதைச் சுவருக்குக் காட்டினார். முழங்காலால் நகர்ந்து மெஷினைச் சுற்றிவந்தார். கீச். கவுண்டருக்கு அடியில் போனார். கீச். வெளியே வந்தபோது அவர் மூக்கு மனைவியின் ஸ்டூலில் இடித்தது.

"எந்திரி."

"எதுக்கு?"

"உனக்கு அடியிலதான் இருக்கு."

"வயசான காலத்துல பேச்சைப் பாரு," என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள்.

ஸ்டூலுக்கு அடியில் ஒரு பழைய பிஸ்கட் தகர டப்பா. தப்பாக வெட்டிய சாவிகளும், ஆட்கள் விட்டுப்போன சாவிகளும் அதில் சேர்ந்துகொண்டிருந்தன. அப்படியே தரையில் கவிழ்த்தார். அவர் காதுக்குள் ஒரு பாத்திரக்கடை இடிந்து விழுந்தது. தலையைப் பிடித்துக்கொண்டு கத்தினார், சிரித்தார், குவியலைக் கிளறினார்.

ஒரு வளையத்தில் கட்டைவிரல் அளவுக்கு வெள்ளைப் பொத்தான். சாவி தொலைந்தால் போனிலிருந்து தேடுவதற்கு மாட்டி வைப்பார்களே, அது. யாரோ சாவியோடு விட்டுப்போயிருக்கிறார்கள். பேட்டரி தீரும் நிலையில் அது ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

கீச். ஒரு சிவப்புப் புள்ளி மின்னியது.

"வெளிய!" அவர் அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு எழுந்து ஆடினார். ஆடுவதற்கு இடமில்லாததால் ஒரே இடத்தில் நின்று ஆடினார். "வெளிய! மெஷின் நல்ல மெஷின்! திருப்பித் தர மாட்டேன்! இது வெளிய!"

அவள் பொத்தானை வாங்கிப் பார்த்தாள். சிவப்புப் புள்ளி மின்னியது.

"லைட் எரியுது," என்றாள்.

"சத்தம்?"

"என்ன சத்தம்? லைட்தானே எரியுது."

தட்டிக்கு மேல் தம்பியின் தலை வந்தது.

"அப்பாடா, ஒரு வழியா எடுத்துட்டீங்களா? ரெண்டு மாசமா உயிரை வாங்குது மாமா. திருட்டு அலாரம் ஏதோ வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். ஜெராக்ஸ் எடுக்க வர்றவங்க எல்லாம் கேக்குறாங்க."

சாவிக்காரர் ஆடுவதை நிறுத்தினார்.

அவள் பொத்தானைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். கீச்.

"ம்," என்றாள். "கொசு மாதிரி."

அவர் மெஷினைப் பார்த்தார். இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல், அந்தப் பக்கம் ஒரு ஸ்டூல். இத்தனை வருடமும் மெஷின் ஒரே பக்கமாகவா கத்தியிருக்கும்?

"அப்ப," என்றாள் அவள், "நான் இத்தனை நாளாச் சொன்ன தீர்ப்பெல்லாம்?"

"ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன இருந்திருக்கலாம்."

"அந்தக் கெட்டில்?"

அவர் கூரையைப் பார்த்தார்.

"அதுக்கு உங்களை ஒரு வாரம் திட்டினேனே!"

"பத்து நாள்."

முதலில் அவள் தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. ஸ்டூலில் உட்காரப் போய், ஸ்டூல் தள்ளியிருந்ததால் சாவிக் குவியலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். செவிடனுக்குச் செவிடி நீதிபதி என்றாள். சொல்லி முடிக்க முடியவில்லை. விக்கல் வந்தது. அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் அவர் தோளில் சாய்ந்தாள், கருவி வீல் என்றது, அவர் சிரித்தார், ஏன் சிரிக்கிறார் என்று கேட்டு அவள் சிரித்தாள். சாவிக்கு வந்த ஒரு பெண் வாசலில் நின்று பார்த்துவிட்டு, பிறகு வருவதாகச் சொல்லிப் போனாள்.

"ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?" தம்பி தன் கடையை விட்டு இறங்கி இங்கே வந்துவிட்டான்.

"நாளைக்கு உங்க அக்காவையும் அந்தப் பொண்ணுகிட்டக் கூட்டிட்டுப் போறேன்டா மாப்ள."

"எனக்கு ஒண்ணுமில்ல," என்றாள் அவள் கண்ணைத் துடைத்தபடி. "கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். பெரிய சத்தம் எல்லாம் கேக்குது. இந்த ட்யூப்லைட்…"

நிறுத்தினாள். தலையைச் சாய்த்து மேலே பார்த்தாள். அவரும் பார்த்தார். புத்தம்புது ட்யூப்லைட். அவர் மூச்சைப் பிடித்துக் கவனித்தார். தெரு கேட்டது, தம்பியின் மெஷின் சூடாகும் சத்தம் கேட்டது, சாவிகள் மெல்ல அசைவது கேட்டது.

"தம்பி, அந்த லைட்டை அணை."

அவன் சுவிட்சைத் தட்டினான். கடைக்குள் வாசல் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது.

அவள் தலையைச் சாய்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஆள்காட்டி விரலை, அவர் தூக்குவது போலவே தூக்கினாள். உதட்டோரத்தில் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

"என்னங்க, இது உள்ளயா, வெளியயா?"