யாருக்காக இறங்கியது ரே

சாஹ்லே ஊரிலிருக்கும் அக்கா வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பிய மறுநாள் காலை, பியானோவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணி ஓடும் வழியில் கட்டைகள் தாமாக முனகும். டோ, ரே, மி வரிசையில் மி கட்டைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அது நேராக ஒலித்தது.

எங்கள் வீட்டு மி நேராக ஒலிக்காது. வெள்ளைக் கட்டைக்கும் அதை ஒட்டிய கறுப்புக் கட்டைக்கும் நடுவில் ஒரு சுரம் இருக்கிறது. அது இல்லாமல் எங்கள் அரபுப் பாட்டு இல்லை. ஊத் என்ற தந்தி வாத்தியம் வாசிப்பவர் விரலைக் கொஞ்சம் நகர்த்தி அதை எடுத்துவிடுவார். பியானோவில் அதற்குக் கட்டையே கிடையாது. வானொலியில் நான் பாடிய நாட்களில், பியானோ வாசித்த நசீப்தான் திருகுசாவியோடு உள்ளே தலையை விட்டு மியின் கம்பிகளைத் தளர்த்தினான். என் குரல் ரேயில் உட்காரும், பாட்டு அங்கிருந்துதான் தொடங்கும். அதற்கு அடுத்த சுரமான மி கொஞ்சம் இறங்க வேண்டும். "நல்லா இருந்த பியானோவ நொண்டியாக்கிட்டான்" என்று ஊத்காரர்கள் சிரித்தார்கள். அந்த நொண்டிக்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டேன்.

ஒரு நேரடி ஒலிபரப்பில் மேல் சுரம் என் குரலுக்கு எட்டாமல் பிசகியது. நசீப் பியானோவில் பலமாக ஒரு தட்டுத் தட்டி அந்தப் பிசகை மறைத்தான். யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, அதன்பின் பாடவில்லை. ஆனாலும் வீட்டுப் பியானோவில் அவன் எனக்காகத் தளர்த்தி வைத்த மி அப்படியே இருந்தது. விருந்தினர் யாராவது மேல்நாட்டு இசை வாசிக்க உட்கார்ந்து முகம் சுளித்தால், "அது அவளோடது, தொடாதீங்க" என்பான்.

துணியைப் போட்டுவிட்டு ஒவ்வொரு கட்டையாக அழுத்தினேன். ரேயில் அகப்பட்டது. இறங்கியிருந்தது. ஒவ்வொரு ரேயும், நிதானமாக, நேரம் எடுத்துச் செய்த வேலை.

ரே இறங்கினால் பாட்டு டோவில் தொடங்குகிறது என்று அர்த்தம். என் குரலுக்கு ஒரு படி கீழே. நசீப் இப்போது வாசிக்கிற அரங்கில் ஜோர்ஜெட் என்று ஒரு பெண் பாடுகிறாள். தடித்த, சாவகாசமான குரல். அவளைப் பற்றி அவன் என்னிடம் அதிகம் சொன்னதில்லை. சொல்லாததையெல்லாம் அன்று காலை நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மதியம் வந்தான். சுட்ட கத்தரிக்காய் மசியலை ரொட்டியால் வழித்துச் சாப்பிடும்வரை பொறுத்திருந்தேன்.

"ரேயை யாருக்கு எறக்கி வச்சிருக்க?"

"அதுக்குள்ள கண்டுபிடிச்சாச்சா? விசாரணைன்னா வக்கீல் வச்சுக்கறேன் மேடம்."

நான் சிரிக்கவில்லை. ஜோர்ஜெட் எங்கிருந்து தொடங்குகிறாள் என்று கேட்டேன். டோ என்றான், தயங்காமல். தயங்கியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

"இங்க வந்தாளா?"

ரொட்டியைக் கீழே வைத்தான். "பாத்திரம் கழுவுறப்ப முனகுறியே, அது எங்கேருந்து ஆரம்பிக்குதுன்னு என்னைக்காவது கேட்டிருக்கியா? டோ. ரொம்ப நாளா டோ. எறங்கி வான்னு உங்கிட்ட யாரு சொல்றது? அதான் பியானோவ எறக்கினேன்."

நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. பதில் போலவும் இருந்தது. அவன் சொல்வது உண்மை என்றால் என் குரல் எனக்குத் தெரியாமலே ஒரு படி இறங்கிவிட்டது. அதை ஒருவன் அடுக்களை வாசலில் நின்று அளந்திருக்கிறான். பொய் என்றால், எனக்கென்று இந்த வீட்டில் இருந்த ஒரே சுரத்தை அவளுக்குக் கொடுத்திருக்கிறான். எதை நம்பினாலும் மி போய்விட்டது. அவன் முகத்தைப் பார்த்தேன். வேலை நன்றாக வந்த நாளில் இருக்கும் முகம். அது எந்த வேலை என்று முகத்தில் எழுதியிருக்காது.

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தான். டோவை அழுத்தினான். பிறகு இறங்கிய ரேயை. காத்திருந்தான்.

பாட மாட்டேன் என்றுதான் நின்றேன். ஆனால் தெரிந்துகொள்ள வேறு வழி இருக்கவில்லை. "யா லைல்", இரவே, என்று மெதுவாக எடுத்தேன். தொண்டை எங்கும் உரசவில்லை. யாரோ அப்போதுதான் கழற்றிவிட்டுப் போன செருப்பில் கால் நுழைவதுபோல, வெதுவெதுப்பாக, குரல் அதற்குள் போய்ப் பொருந்தியது.