கூலி வாங்காத நோரீன்

இங்கிலாந்தில், அக்ரிங்டன் சந்தையில் என் பழைய கைக்கடிகாரக் கடைக்கு எதிரே ஸ்டான்லியின் சீஸ் கடை. அங்கே காலை வேளை மட்டும் வேலைக்கு நிற்பாள் லினெட். அவள் கணவன் டெரிக்குக்குப் பக்கவாதம். பேச்சு போய்விட்டது, காதும் புத்தியும் தெளிவு. அவனைப் பார்த்துக்கொள்வதற்காக அரசு அவளுக்கு வாராவாரம் உதவித்தொகை கொடுத்தது. வெளிச் சம்பாத்தியம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். ஒரு காசு தாண்டினாலும் அந்த வார உதவி மொத்தமும் போச்சு.

ஸ்டான்லி நல்லவன், அதுதான் வினை. கேட்காமலேயே மணிக்குச் சில காசு கூட்டிக் கொடுத்தான், வரம்பு தாண்டிவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை. சில வருடம் கழித்து உத்தரவு வந்தது: தகுதியில்லாமல் வாங்கிய உதவித்தொகை நாலாயிரத்துச் சொச்சம் பவுண்டைத் திருப்பிக் கட்டு. சம்பளத்தைக் கூட்டியே ஒருத்தியை ஓட்டாண்டியாக்க முடியும் என்பதைச் சந்தையில் அன்றுதான் கண்டோம். கட்டுவதென்றால் லினெட் முழுநாள் வேலைக்குப் போக வேண்டும், டெரிக்கை ஏதாவது பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டும். அவள் மேல்முறையீடு செய்தாள்.

என் அப்பா தன் கல்லறைக் குழிக்கே பேரம் பேசியவர். அந்த ரத்தம் சும்மா இருக்குமா? விதிகளைக் குடைந்ததில் எனக்கொரு சந்து அகப்பட்டது. வேலைக்குப் போகும் நேரத்தில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள வெளியாளுக்குக் கூலி கொடுத்திருந்தால், அதைச் சம்பாத்தியத்தில் கழித்துக்கொள்ளலாம்.

பார்த்துக்கொண்டவள் பக்கத்து வீட்டு நோரீன். காலை முழுக்க டெரிக்கோடு டாமினோ கட்டை ஆடுவாள். தோற்றால் அவனை வாய்க்கு வந்தபடி திட்டுவாள், அவன் தோள் குலுங்கச் சிரிப்பான். லினெட் ஒருமுறை கூலி என்று பேச்செடுத்ததற்கு நோரீன் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உதிர்ந்த சீஸ் துண்டுகள் மட்டும் வாங்கிக்கொள்வாள். சீஸ் கூலியாகாது என்றது அலுவலகம்.

"வாங்குனேன்னு சொல்லிட்டாப் போச்சு," என்றாள் நோரீன்.

"பொய்யாச்சேடி," என்றாள் லினெட்.

"அந்த மனுஷன இல்லத்துல தள்ளுறதுக்கு இது எவ்வளவோ தேவல. நீ தலைய மட்டும் ஆட்டு."

விசாரணை நாளில் டெரிக்கை யாரிடம் விடுவது? பார்த்துக்கொள்பவளே சாட்சி. சக்கர நாற்காலியோடு அவனையும் கூட்டிப் போனோம். அவனிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கூலி வாங்கினாயா என்று நீதிபதியம்மா கேட்டார். நம்பவைக்கிற ஆவேசத்தில் நோரீன் ஒருபடி கூடவே போட்டாள்.

"பின்ன சும்மாவாம்மா? காசு வாங்காம யாரு அந்தாளுகூட உக்காருவா?"

லினெட் தலையாட்டினாள். கடன் ரத்தானது. வெளியே இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். டெரிக் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று மாலையே லினெட் அவனுக்கு எல்லாவற்றையும் விளக்கினாள். நோரீன் நாற்காலி முன்னால் மண்டியிட்டாள்.

"ஒன்ன வீட்டுலயே வச்சுக்கத்தானேய்யா அப்படிச் சொன்னேன்."

அவன் கேட்டுக்கொண்டான். தலையை ஆட்டினான். சரியாகிவிட்டது என்று நினைத்தோம்.

திங்கட்கிழமை வழக்கம்போல் ஆட்டம் நடந்தது. வழக்கம்போல் நோரீன் தோற்றாள், திட்டினாள். அவன் சிரிக்கவில்லை. நல்ல கையைச் சட்டைப் பைக்குள் விட்டு, இரண்டு நாணயங்களை எடுத்து மேசைமேல் அவள் பக்கம் தள்ளினான். அவள் திருப்பித் தள்ளினாள். அவன் மறுபடி தள்ளினான்.

இப்போதும் அவள் தினமும் போகிறாள். நாணயங்களை எடுத்துக்கொள்கிறாள், எடுக்காவிட்டால் மறுநாள் அவன் ஆட்டத்துக்கு வருவதில்லை. தோற்றால் திட்டுவதை மட்டும் விட்டுவிட்டாள்.