அசைந்து காட்டும் வீடு

கார்த்திகை மாதத்து இரண்டாவது வியாழக்கிழமை, பெரியநாயக்கன்பாளையத்தில் கிருபாசங்கர் வீட்டுக் கிரைண்டர், அவன் மனைவி மோகனப்பிரியா கேட்டுக்கொண்டதால் அரை அடி நகர்ந்து நின்றது. அப்போது மின்சாரம் இல்லை.

அவளுக்கு ஐப்பசியில் மூளைக்காய்ச்சல் வந்து போயிருந்தது. கோயம்புத்தூர் மருத்துவர் ஒரு சாவியைத் தூக்கிக் காட்டினார். "நீளமா, பளபளன்னு, ஒரு ஓரத்துல பல்லு பல்லா இருக்குதுங்க," என்றாள். என்னவென்று தெரியவில்லை. கையில் வைத்ததும், "அட, சாவிங்க!" என்று சிரித்தாள். கண்ணில் குறையில்லை, கண் கொண்டுவருவதை ஒன்றுசேர்த்துப் பொருளாக்கும் வேலையை மூளை மறந்துவிட்டது என்றார் மருத்துவர். முகங்களும் அப்படித்தான். தொட்டால், குரல் கேட்டால் தெரியும். அசைந்தால் சில சமயம் பிடிபடும்.

வீடு திரும்பியவளுக்கு எதிரே நிற்பது மனிதரா சாமானா என்று தெரியவில்லை. மரியாதை குறைந்துவிடக் கூடாதே என்று எல்லாவற்றையும் 'ங்க' போட்டே அழைத்தாள். பீரோவை உட்காரச் சொன்னாள். கிரைண்டரிடம், "ஏனுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள். அதுவரை யாரும் தன்னை அப்படி அழைத்திராததால் அது தள்ளி நின்றது. அந்த வாரக் கடைசிக்குள் டம்ளர், சீப்பு, மாத்திரை டப்பா எல்லாம் அவள் பார்வை பட்டதும் லேசாக ஆடிக் காட்டின. அவளும் தவறாமல் எடுத்தாள். "நாலு வருசத்துல என்னைய ஒருநாளாச்சும் இத்தனை மரியாதையாக் கூப்புட்டிருப்பியா, அம்மணி?" என்று கேட்டாள் மாமியார் கருப்பாத்தாள். "நீங்களும் ஆடிக் காட்டுங்க அத்தை, கூப்புடறேன்," என்றாள் மருமகள்.

தை மாதம் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். ஆண்கள் எல்லோரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மோகனப்பிரியா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக் கையை இழுத்து, "மாத்திரை கொண்டாந்தீங்களா?" என்றாள். "அம்மணி, நான் பொண்ணுக்குச் சித்தப்பனுங்க. எங்கிட்ட வெத்தலைதான் இருக்குது," என்றார் அவர். வரிசையே சிரித்தது, அவளும் சிரித்தாள். இரண்டு நாற்காலி தள்ளியிருந்த கிருபாசங்கர் சிரிக்கவில்லை. தன் முகம் அவளுக்கு ஒரு சீப்பு அளவுக்குக்கூடப் புலப்படவில்லையே என்று நினைத்தான்.

மறுநாளிலிருந்து, லேத் பட்டறை முடிந்து வந்தால் வாசலில் பேசாமல் அசையாமல் நிற்பான். அவள் முழுதாகப் பார்த்துவிட்டு, "வாங்க, உட்காருங்க. யாரைப் பார்க்கோணும்?" என்பாள். "நான்தான் பிரியா," என்பான். இப்படிப் பதினோரு சாயங்காலம். பதினோராம் நாள் அந்தக் குரல் நிலைப்படியைத் தாண்டவில்லை. "பேசிட்டே உள்ள வாடா. அவளுக்குப் பரிச்சை வெக்க நீ என்ன வாத்தியாரா?" என்று கருப்பாத்தாள் ஏசினாள். அவனுக்கோ ஒரே ஒருமுறை, தான் வாய் திறப்பதற்கு முன்னால் அவள் தன்னைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மோகனப்பிரியா சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "நாளைக்குச் சாயங்காலம் யாரும் ஆடாதீங்க. நான் ஒருத்தரைத் தேடோணும்," என்று சாமான்களிடம் சொன்னாள்.

மறுநாள் ஐந்தரை மணிக்கு மின்விசிறி தானாக நின்றது. திரைச்சீலை நின்றது. கொடியில் காய்ந்த துணிகள் காற்றடித்தும் தொங்கியபடியே இருந்தன. பக்கத்து வீட்டுத் தென்னையும் ஒத்துழைத்தது. வாசலில் நின்ற ஒன்றுக்கு மட்டும் அன்றைக்குப் பார்த்துக் கால் வலித்தது. அது வலது செருப்பை இடது காலால் தேய்த்துக் கழற்றியது, ஒரு தோளை இறக்கி ஏற்றியது, பிடரியைச் சொறிந்தது. துண்டு துண்டாக வந்த அசைவுகள் அவளுக்குள் ஒவ்வொன்றாகக் கைகோத்தன.

"பட்டறையை இன்னைக்கு நேரத்துலயே சாத்திப்போட்டீங்களா?" என்றாள்.

கிருபாசங்கர் தலையை ஆட்டினான். அதையும் பார்த்தாள்.

சாமான்கள் மறுநாள் காலையிலிருந்து மீண்டும் ஆடத் தொடங்கின. இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. அந்த வீட்டில் காபி குடிக்கிறவர்கள் டம்ளரைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். ஏன் என்று புதிதாக வருகிறவர்கள்கூடக் கேட்பதில்லை.