மயில் கொத்திய சீர்த்தட்டு

முதல் மயில் வந்தபோது ராஜாமணி நகரில் எல்லோரும் ஒரே கட்சிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அது எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் வந்து உட்கார்ந்தது. தோகை கீழே ஜன்னல் வரைக்கும் தொங்கியது. தெருவே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மாலைக்குள் எல்லார் போனிலும் அதுதான் ஸ்டேட்டஸ். எங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு மரியாதை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

அடுத்த வருஷம் அதே தொட்டியில் இடம் போதாமல் மயில்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன.

எங்கள் நகர் திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற பக்கம், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற கொல்லைகளுக்கு நடுவில் மனை போட்டு விற்ற இடம். ராஜாமணி என்பது மனை போட்டவருடைய அம்மா பெயர். மயில்கள் கொல்லையில் சாப்பிட்டுவிட்டு நகரில் தூங்கின. விடிவதற்கு முன்பே கத்த ஆரம்பித்துவிடும். தூரத்திலிருந்து கேட்டவர்கள்தான் அதை அகவல் என்று சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் கேட்டால், பூனையின் வாலைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கியது போல இருக்கும். பைக் கண்ணாடியில் தெரிகிற மயிலோடு சண்டை போட்டுக் கண்ணாடியை உடைக்கும். கார் வைத்திருந்தவர்கள் காருக்குப் பழைய புடவைகளைப் போர்த்தினார்கள். யார் வீட்டு பீரோவில் என்னென்ன புடவை இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்துபோனது.

நகர் இரண்டாகியது. மயில் வேண்டும் என்கிற கட்சிக்குத் தலைவன் என் அண்ணன் சீனுவாசன். வேண்டாம் என்கிற கட்சிக்குத் தலைவர் என் வீட்டுக்காரர் தீனதயாளன். இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வீடுதான் இருந்தது. நியாயமாகப் பார்த்தால் நான் அந்த வீட்டில்தான் குடியிருந்திருக்க வேண்டும்.

அண்ணனுக்கு மெயின் ரோட்டில் எலக்ட்ரிக்கல் கடை. வருஷம் தவறாமல் பங்குனி உத்திரத்துக்கு மயிலம் முருகன் மலைக்குக் காவடி எடுப்பான். காலையில் குளித்து விபூதி பூசிக்கொண்டு மொட்டை மாடியில் அரிசி இறைப்பான்.

"மயிலத்துக்குப் பக்கத்துல மனை வாங்கிக்கினு மயிலு வரக்கூடாதுன்னா எப்டி? மெட்ராஸ்ல போயி வாங்கறது" என்பான்.

என் வீட்டுக்காரருக்கு நகரை ஒட்டியே கொல்லை. ஆடியில் மல்லாட்டை விதைத்தார். மறுநாள் மயில்கள் வந்து, விதைத்த உழவுச் சாலிலேயே நடந்து, ஒன்று விடாமல் தோண்டித் தின்றுவிட்டுப் போயின.

"நான் ஓட்டுன சாலு கூட கோணலா இருந்துது. அதுங்க தோண்டுனது நேரா கீது" என்றார். அவர் கோபம் எப்போதும் இப்படித்தான், நிதானமாக வரும்.

வாட்ஸப்பில் 'ராஜாமணி நகர் சொந்தங்கள்' என்று ஒரு குரூப் இருந்தது. அது உடைந்து 'வேலும் மயிலும் துணை' என்று ஒன்றும், 'நகர் நலன்' என்று ஒன்றும் ஆனது. நான் இரண்டிலும் இருந்தேன். ஒன்றில் தங்கச்சி, இன்னொன்றில் பொண்டாட்டி. காலை வணக்கம் மட்டும் இரண்டிலும் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன்.

கலெக்டரிடம் மனு கொடுப்பது என்று இரண்டு கட்சியும் ஒரே திங்கட்கிழமையை முடிவு செய்தன. விழுப்புரத்துக்கு ஒரே பஸ். கூட்டத்தில் வேறு சீட் கிடைக்காமல் என் அண்ணனும் என் வீட்டுக்காரரும் ஒட்டி உட்கார்ந்து, ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனார்கள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மரத்தடியில் மனு எழுதித் தருகிறவர் இரண்டு கட்சிக்கும் அவரே எழுதினார். மேலே கீழே எல்லாம் ஒன்றுதான். ஒன்றில் 'மயில்களைப் பாதுகாக்கக் கோரி', இன்னொன்றில் 'மயில்களிடமிருந்து பாதுகாக்கக் கோரி'. உள்ளே ஒரு அதிகாரி இரண்டையும் பொறுமையாகப் படித்துவிட்டு, மயிலை அடிக்கவும் கூடாது, தீனி போட்டுப் பழக்கவும் கூடாது என்றார்.

அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள் என்று அண்ணன் கட்சி பஸ் ஸ்டாண்டில் ஸ்வீட் வாங்கியது. தீனி போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள் என்று இவர் கட்சியும் வாங்கியது. ஒரே கடைதான்.

இவர் அடிக்கவில்லை. போன தீபாவளியில் மிச்சமான அணுகுண்டைக் கொல்லையில் வைத்தார். வெடிச் சத்தத்துக்கு மயில் ஓடும் என்று கணக்கு. மயில் ஓடவில்லை. சுற்று வட்டாரத்திலிருந்த அத்தனை மயிலும் ஒரே நேரத்தில் பதில் சொன்னது. மயில் இப்படிக் கத்தினால் மழை வரும் என்றான் அண்ணன். சாயங்காலம் மழையும் வந்து தொலைத்தது.

அதோடு விட்டிருந்தால் குடும்பம் தப்பித்திருக்கும். இவருக்கு யாரோ பளபளப்பாக எதையாவது கட்டித் தொங்கவிட்டால் பறவை அண்டாது என்று சொல்லியிருக்கிறார்கள். நான் அன்றைக்கு ஓமந்தூரில் ஒரு சாவுக்குப் போயிருந்தேன். இவர் பரணில் ஏறி, சாக்கில் கட்டி வைத்திருந்த எவர்சில்வர் தாம்பாளங்களை எடுத்து, ஓட்டை போட்டு, கொல்லை முழுக்கக் கொம்பு நட்டுத் தொங்கவிட்டுவிட்டார்.

அவை என் கல்யாணத்துக்கு அண்ணன் வைத்த சீர். கடை போட்ட புதிதில், தனக்கு ஒரு நல்ல சட்டைகூட வாங்கிக்கொள்ளாமல் வாங்கியது. நல்ல நாளுக்கு இருக்கட்டும் என்று நான் அதில் ஒரு பழம்கூட வைத்ததில்லை. எங்கள் பக்கம் சீர்ப் பாத்திரத்தில் கொடுத்தவர் பெயர் வெட்டாமல் இருக்காது. ஒவ்வொரு தாம்பாளத்திலும் நடுவில் 'அன்புத் தங்கை வடிவுக்கு, அண்ணன் சீனுவாசன்' என்று வெட்டியிருந்தது.

தாம்பாளத்தில் தங்கள் முகத்தைப் பார்த்த மயில்கள் வேறு மயில் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டன. கொல்லைக்கு இரண்டு மடங்கு கூட்டம் வந்தது. சில கொத்தின. ஒரு ஆண் மயில் தாம்பாளத்துக்கு முன்னால் தோகையை விரித்துக்கொண்டு காலை முழுக்க ஆடியது. ஆடுகிற மயிலை வீடியோ எடுக்க அண்ணன் ஓடினான். போனில் பெரிதாக்கிப் பார்த்தால், தோகைக்குப் பின்னால் அவன் பெயர் தொங்கிக்கொண்டிருக்கிறது.

"மாப்ள, அது இன்னா தட்டு?" என்று கேட்டிருக்கிறான்.

"பரண்ல சும்மா கெடந்துது மச்சான்."

"சும்மா கெடந்துதா."

அவ்வளவுதான் பேச்சு. சத்தம் போட்டிருந்தால்கூட சரியாகியிருக்கும். அன்றிலிருந்து என் அண்ணன் இவரை மாப்ள என்று கூப்பிடவில்லை. என்னிடம் பேசும்போது 'உங்கூட்டுக்காரரு' என்பான். எங்கள் வாசலைத் தாண்டும்போது வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு போவான், எங்கள் தெருவில் சேறு இல்லாத நாளிலும்.

நான் தாம்பாளங்களை அவிழ்த்து வந்து புளி போட்டுத் தேய்த்தேன். கொத்தின இடம் எல்லாம் குழி. 'அண்ணன்' என்கிற எழுத்து மேலேயே மூன்று நான்கு குழி இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் இவர் தட்டில் சோற்றை வைத்துவிட்டு குழம்பு ஊற்றாமல் உள்ளே போய்விட்டேன்.

"பேரு போட்டுக்கீதுன்னு நான் பாக்கல வடிவு. பாத்திருந்தா திருப்பிக் கட்டியிருப்பேன்" என்றார். சமாதானம் சொல்லுகிறாராம்.

தை பிறந்ததும் எங்கள் பெண் அஸ்வினிக்கு மொட்டை அடித்துக் காது குத்த வேண்டும். மூன்று வயசு முடிகிறது. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தோடு அவன் போடவேண்டும். எனக்கு ஒரே அண்ணன். அவனுக்கும் நான் ஒருத்திதான். நான் முழுகாமல் இருக்கிறேன் என்று தெரிந்த அன்றைக்கே, "காது குத்துக்கு என் மடி ரெடி" என்று தொடையைத் தட்டிக் காட்டியவன் அவன். இப்போது அவன் வரமாட்டான் என்று தெருவெல்லாம் பேச்சு.

"எங்க பெரியப்பா மவன் கோபி கீறான். அவன் மடில வெச்சுக்கலாம்" என்றார் இவர்.

"கோபி உங்களுக்குத் தம்பி. தம்பியும் மாமனும் ஒண்ணா? அப்ப அந்த மயிலு மடிலயே வெச்சுக் குத்துங்க" என்றேன்.

அண்ணன் கடைக்குப் போனேன். அவன் ஒரு ஃபேனைக் கழற்றி வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் ஃபேனோடு பேசினான்.

"அந்த ஊட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன் வடிவு. என் பேர எடுத்துக்கினு போயி காக்கா வெரட்டற மாரி கட்டி உட்டாரு உங்கூட்டுக்காரரு."

"மிதிக்காத. என் பொண்ணு மூளிக் காதோடவே வளரட்டும். பெரிசாகிக் கேட்டா, ஒங்க மாமனுக்கு மயிலுதான் மருமவ, நீ இல்லன்னு சொல்லிக்கிறேன்."

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைக்கு வந்த ஆள் ஒரு பல்பைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். அண்ணன் அந்த பல்பை வாங்கி டெஸ்ட் பண்ணிப் பார்த்து எரிகிறது என்று கொடுத்தான். பிறகு சொன்னான்.

"மயிலத்துல வை. வர்றேன். முருகனுக்காக வர்றேன், வேற யாருக்காகவும் இல்ல."

இவரிடம் சொன்னேன். "மயிலமா? மயிலுக்கே ஹெட் ஆபீஸாச்சே அது" என்று முனகினார். ஆனால் வேனுக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

காது குத்து அன்றைக்கு அண்ணன் எங்களுக்கு முன்பே மலை மேல் வந்து நின்றான். பட்டு வேட்டி கட்டியிருந்தான். அண்ணி கையில் புதுத் தாம்பாளம். அதில் பழம், பூ, பாவாடை சட்டை, தோடு. தாம்பாளத்தில் இந்தத் தடவை பெயர் இரண்டு மடங்கு பெரிதாக வெட்டியிருந்தது, எந்தக் கொம்பில் தொங்கினாலும் தெருவிலிருந்தே படிக்கலாம். இவர் அதைப் பார்த்துவிட்டு ஒரு தூண் ஓரமாகப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மொட்டை முடிந்து, சந்தனம் தடவி, அஸ்வினியை அண்ணன் மடியில் உட்கார வைத்தோம். அவன் மூன்று நாளாகவே குழந்தையைத் தன் வீட்டுக்கு வரவழைத்துத் தயார் செய்திருந்தான். மாமா மடியில் உட்கார்ந்தால் மயில் வரும், வந்து பக்கத்தில் நிற்கும், காது குத்துவதே தெரியாது என்று. மயிலத்தில் மயிலுக்குப் பஞ்சமா என்று நினைத்துவிட்டான். மலை முழுக்கத் தேடினோம். ஒன்றுகூட இல்லை. அத்தனையும் எங்கள் நகரில் அவன் மாடியில் அரிசி தின்றுகொண்டிருந்திருக்கும்.

காது குத்த வந்திருந்த நகை செய்கிற பத்தர் விருத்தாசலம் முதல் காதைக் குத்தியதும் அஸ்வினி மலை அதிரக் கத்தினாள். வலியைவிட ஏமாற்றம்தான் அதிகம். "மயிலு எங்க? மாமா பொய் சொல்ட்ட" என்று அண்ணன் முகத்திலேயே அடித்தாள். இரண்டாவது காதைக் கையால் பொத்திக்கொண்டாள். கையை விலக்கினால் தலையைத் தலையை ஆட்டினாள். பத்தர் ஊசியோடு பின்னால் நகர்ந்தார்.

"ஆடற கொழந்தைக்குக் குத்த மாட்டேன். காது கிழிஞ்சிடும்" என்றார்.

அண்ணன் மயில் மாதிரி கத்திப் பார்த்தான். ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தது. அண்ணி கத்தினாள். பூசாரி வீட்டுப் பையன்கள் கத்தினார்கள். அஸ்வினி இன்னும் வேகமாக அழுதாள். அண்ணனுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. ஒற்றைக் காதோடு இறக்கிவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அப்போதுதான் தூண் ஓரத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். மயில் அங்கே இல்லை. என் வீட்டுக்காரர் கட்டின கையை அவிழ்க்காமல், கழுத்தை மட்டும் நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் இழுத்து, நடுவில் ஏறி, கடைசியில் உடைகிற அதே குரல். தினம் விடியுமுன் அதைக் கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தவர் அவர் ஒருத்தர்தான். அரிசி போடுகிறவனுக்கு அது வரவில்லை. சபிக்கிறவருக்கு வந்தது.

அஸ்வினி வாயைத் திறந்தபடி அப்பாவைப் பார்த்தாள். காதிலிருந்து கை தானாக இறங்கியது. அண்ணன் மெதுவாக அவள் தலையைப் பிடித்துக்கொண்டான். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் பத்தரும் ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு இவரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். சத்தம் நின்றது. அஸ்வினி உதடு மறுபடி கோணியது.

அண்ணன் தூண் பக்கம் திரும்பினான். தட்டு தொங்கின நாளிலிருந்து இவர் முகத்தை அவன் நேராகப் பார்த்ததில்லை.

"மாப்ள" என்றான். "மாப்ள, இன்னொருவாட்டி. பத்தர் கோட்ட உட்டுட்டாரு."

இவர் தூணை விட்டு வந்து, அண்ணன் பக்கத்தில் தரையில் குந்தி உட்கார்ந்து, அவன் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு இன்னொரு முறை கத்தினார்.