பழிக்குப் போட்டி

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்கடைக்காரர் கடையைத் திறப்பதில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தம்பியும் அன்று விடுப்புச் சொல்லிவிடுவார். அண்ணனும் தம்பியும் மனைவிமாரோடு பேருந்தேறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கி, வாய்க்கால் ஓரமாகவே நடந்து, ஒரு மேய்ச்சல் நிலத்தைக் குறுக்காகக் கடந்து, ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாகத் திரும்புவார்கள். அவர்களுடைய அப்பா தொடங்கி வைத்த வழக்கம்.

அந்த மேய்ச்சல் நிலம் ஒரு பண்ணைக்காரம்மாவுக்குச் சொந்தமானது. வேற்றாள் யாரும் உள்ளே கால் வைக்க முடியாது. கரையைச் சுற்றித்தான் போக வேண்டும். இந்தக் குடும்பத்துக்கு மட்டும் அனுமதி உண்டு. அப்பா அந்தம்மாவின் மாமனாருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். முன்னால் போகிறவன் கேட்டைத் திறப்பான், கடைசியில் வருகிறவன் மூடிக் கொக்கி போடுவான், ஒரு மாடுகூட வெளியே போகாது. முன்னால் போவது அண்ணன். கடைசியில் வருவது தம்பி. கையெழுத்துப் போட்ட பத்திரத்தைவிட அந்த வாக்கைக் கண்ணாடிக்கடைக்காரர் பெரிதாக நினைத்தார். நல்ல குடும்பத்தில் பிறந்தவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள்.

இந்த மாதம் கூடவே கிரேன்காரரும் வந்தார்.

கிரேன்காரர் தம்பி மனைவிக்கு அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கப் பிடிக்காமல் தங்கை வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே வீடு பார்த்துக்கொண்டு வந்துவிட்டார். ஆள் பென்சில் மாதிரி ஒல்லி. ஆனால் குரலைக் கேட்டால் நாலு ஆள் வருகிறார்கள் என்று தோன்றும்.

பேருந்தில் ஏறியதுமே முதல் அடி விழுந்தது. கண்ணாடிக்கடைக்காரர் வழக்கம்போல் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பையை வைத்துத் தம்பிக்காகப் பிடித்திருந்தார்.

"மாப்ளே, இங்க வாங்க," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "டயருக்கு மேல சீட்டு. தூக்கித் தூக்கிப் போடும். எனக்குப் பழைய உத்தியோகம் ஞாபகம் வரும்."

தம்பி சிரித்துக்கொண்டே பின்னால் போய்விட்டார். அண்ணன் பிடித்து வைத்த இடத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி வந்து, "பையைக் கொஞ்சம் எடுக்கிறீங்களா?" என்றாள். எடுத்தார்.

எதிர் இருக்கையில் இருந்த அவர் மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"என்ன, மூஞ்சி இப்படிப் போகுது?"

"ஒண்ணுமில்ல. வெயில்."

"வெயில் அந்தப் பக்கம்ல அடிக்குது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாய்க்கால் ஓரத்திலும் அதே கதைதான். எப்போதும் அண்ணன் முன்னால் நடப்பார், பெண்கள் பின்னால் வருவார்கள், தம்பி கடைசியில் வந்தாலும் அடிக்கொரு தரம், "அண்ணே, அது என்ன பறவை?" என்று குரல் கொடுப்பார். அண்ணன் கழுத்தில் தொங்கும் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துப் பார்த்துப் பதில் சொல்வார். அந்தத் தொலைநோக்கி அவரே கழற்றித் துடைத்து, உடைந்த கண்ணாடிக்குப் பதில் புதிது தேய்த்துப் போட்டுச் சரிசெய்தது. மூக்குக்கண்ணாடி போட்டுவிட்டு ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்தவர் அவர். தூரத்தில் இருப்பதைச் சொல்ல அந்தக் கூட்டத்தில் அவரை விட்டால் யார்?

இன்றைக்கு ஆள் இருந்தது.

"மாப்ளே, அந்தப் பட்ட மரத்துல, இடப்பக்கக் கிளையில பாருங்க. மீன்கொத்தி. வாயில ஏதோ வச்சிருக்கு," என்றார் கிரேன்காரர். கண்ணில் கண்ணாடிகூட இல்லை.

"எங்க மச்சான்? ஆமா. எப்படி மச்சான் தெரிஞ்சுது?"

"அவ்வளவு ஒசரத்துல உக்காந்து, கீழ நிக்கிறவன் கை காட்டுறதைப் பாத்துப் பெட்டியை எறக்கணும். கண்ணு தப்புச்சுன்னா அவன் தலையிலதான் எறங்கும். ஒரு தடவை எங்க மேஸ்திரி கொட்டாவி விடக் கையைத் தூக்குனாரு. நான் பெட்டியைத் தூக்கிட்டேன். அந்தப் பெட்டி மேல அவரு மதியச் சாப்பாடு இருந்துச்சு. சாயங்காலம் வரைக்கும் அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னாரு."

தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம்பி மனைவி சிரித்தாள். கண்ணாடிக்கடைக்காரரின் மனைவிகூடப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணாடிக்கடைக்காரர் தொலைநோக்கியை எடுத்து மரத்தைப் பார்த்தார். மீன்கொத்திதான். அதுகூடக் காக்கையாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது அவருக்கு.

மேய்ச்சல் நிலத்தின் முதல் கேட்டை அவர் திறந்தார். எல்லோரும் வந்தார்கள், தம்பி மூடினார். மாடுகள் தலை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன. மறுகோடியில் இரண்டாவது கேட்டையும் அவரே திறந்தார். அதற்கு அப்பால் ஏரிக்கரை. கரைக்குக் கீழே வேறொருவரின் முட்டைக்கோஸ் தோட்டம். பெண்கள் அவர் பின்னாலேயே வந்துவிட்டார்கள். மற்ற இருவரும் வெகு தூரத்தில் ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தார்கள்.

அவர் கரைமேல் ஏறி நின்று தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தார். பார்த்தது பறவையை அல்ல, அப்போதுதான் கேட்டைத் தாண்டிய இருவரையும். கிரேன்காரரின் கை தம்பியின் தோள்மேல் கிடந்தது. தம்பியின் கை கேட்டைத் தள்ளியது. கேட் போய்க் கட்டையில் மோதியது. கொக்கியைத் தூக்கி வளையத்தில் போட வேண்டும்; அந்த நேரம் பார்த்துக் கிரேன்காரர் ஏதோ சொல்ல, தம்பி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். கொக்கி தொங்கிக்கொண்டே இருந்தது. இருவரும் நடந்தார்கள்.

கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கண்ணாடிக்கடைக்காரர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

போகட்டும். மாடு வெளியே வரட்டும். மச்சானோடு பேசியபடி வந்தால் என்ன ஆகும் என்று தம்பிக்குத் தெரியட்டும். அப்போது, "அண்ணே, என்ன பண்றது?" என்று யாரிடம் வருவான், பார்க்கலாம்.

தான் காப்பாற்ற வேண்டிய வாக்கும் அந்தக் கேட்டில்தான் தொங்குகிறது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. பொறாமை வந்த மனிதன் தன் வீட்டுக் கூரையையே எரித்துக் குளிர்காய்வான். நல்ல குடும்பத்தில் பிறந்தவனும் அதற்கு விலக்கல்ல.

ஏரிக்கரையில் விரிப்பை விரித்தார்கள். ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம். தம்பி பிளாஸ்கைத் திறந்து முதல் கோப்பைத் தேநீரை ஊற்றி, "இந்தாங்க மச்சான், விருந்தாளிக்கு முதல்ல," என்று நீட்டினார். முதல் கோப்பை எப்போதும் அண்ணனுக்கு. இரண்டாவது கோப்பை தன் கைக்கு வந்தபோது கண்ணாடிக்கடைக்காரர் அதைப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

"அண்ணே, ஆறிடும்," என்றார் கிரேன்காரர்.

"ஆறட்டும். எனக்கு ஆறினாத்தான் பிடிக்கும்."

"எப்பலேருந்து?" என்றாள் அவர் மனைவி.

அதற்குப் பதில் சொல்ல நேரம் இல்லாமல் போயிற்று. பண்ணைக்காரம்மா கையில் கம்போடு கரைமேல் வேகவேகமாக வந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது.

"உங்களை நம்பித்தானே விடறேன்? மாடு அத்தனையும் முட்டைக்கோஸ் தோட்டத்துல நிக்குது. அந்தாளு வந்து பாத்தா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவான். யாரு கடைசியா வந்தது?"

தம்பி வாய் திறக்கப் போனார். அதற்குள் கிரேன்காரர் அவர் முழங்கையை அழுத்திவிட்டு எழுந்தார்.

"நான்தாம்மா. இந்தப் பக்கம் புதுசு. கொக்கி போடணும்னு தோணலை. இவங்க மேல தப்பு இல்ல. திட்டறதை என்னைத் திட்டுங்க."

கண்ணாடிக்கடைக்காரர் மனசுக்குள் கணக்குப் பார்த்தார். பக்கத்து இடம் போயிற்று. மீன்கொத்தி போயிற்று. முதல் கோப்பை போயிற்று. இப்போது இதுவுமா? சின்ன வயதில் தம்பி பந்தடித்து உடைத்த ஜன்னலுக்கெல்லாம் அடி வாங்கியது யார்? தம்பி தொலைத்த புத்தகத்துக்கும், கிழித்த சட்டைக்கும், "நான்தான்" என்று முன்னால் போய் நின்றது யார்? இவனுக்காகப் பழி ஏற்க இந்த உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் பாத்தியதை உண்டு. நேற்று வந்த ஆள் எந்த உரிமையில் எழுந்து நிற்கிறான்?

அதோடு இன்னொன்றும் இருந்தது. தன் வீட்டுத் தவறை வேற்று வீட்டு ஆள் தலையில் தூக்கி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கிற குடும்பம் அவர்களுடையது அல்ல.

"நீங்க உக்காருங்க," என்றபடி எழுந்தார். "அம்மா, இவர் சொல்றது பொய். இவர் விருந்தாளி. தப்பு எங்க வீட்டுது. நானே பொறுப்பு."

"நீங்கதான் முன்னால வந்துட்டீங்களே மாமா," என்றாள் தம்பி மனைவி, உதவி செய்வதாக நினைத்து.

"முன்னால வந்தேன். கரைமேல நின்னு பாத்தேன். கொக்கி விழலைன்னு பாத்தேன். பாத்துட்டுப் பேசாம வந்தேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது. தம்பி அவரையே பார்த்தார். பிறகு அவர் மார்பில் தொங்கிய தொலைநோக்கியைப் பார்த்தார்.

"நல்லாருக்கு," என்றாள் பண்ணைக்காரம்மா. "முதல்ல மாட்டை ஓட்ட வாங்க. தப்பு யாருதுன்னு அப்புறமா உக்காந்து ஏலம் போட்டுக்கலாம்."

மாடு ஓட்டினார்கள். இத்தனை வருடம் வானத்தில் உட்கார்ந்திருந்த கிரேன்காரருக்கு மாடு என்றால் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு கிழட்டுப் பசு தலையை ஆட்டியதற்கே வரப்பின்மேல் ஏறி நின்றுகொண்டு, "மாப்ளே, இதோட கொம்பு என்னைப் பாத்துத் திரும்புது," என்றார். கண்ணாடிக்கடைக்காரருக்கு அந்த நிலையிலும் அது கொஞ்சம் இனித்தது. அந்தப் பசுவை அவரே பிடித்து, தேவைக்கு மேல் மெதுவாக, கிரேன்காரரின் முன்னால் நடத்திக்கொண்டு போனார்.

கடைசி மாடும் உள்ளே போனதும் பண்ணைக்காரம்மா கொக்கியைத் தானே போட்டாள்.

"மறந்து போறது யாருக்கும் நடக்கும். அதுக்காக ஒண்ணும் சொல்லமாட்டேன்," என்றாள். "பாத்துட்டுச் சும்மா போறது வேற. உங்கப்பாவுக்காக இத்தனை நாள் விட்டேன். இனிமே கரையைச் சுத்திப் போங்க."

அவர் தலை குனிந்து, "சரிம்மா," என்றார்.

கரை வழி நீளமானது. கண்ணாடிக்கடைக்காரர் முன்னால் நடந்தார். சற்று நேரத்தில் தம்பி வேகமாக வந்து அவர் பக்கத்தில் சேர்ந்துகொண்டார். காலையிலிருந்து அவர் ஏங்கியது இதற்குத்தான்.

"ஒரு குரல் கொடுத்திருந்தா ஓடிப் போய்ப் போட்டிருப்பேனே அண்ணே."

"திரும்பிப் பாப்பேன்னு தோணலை."

"நான் என்னைக்கு உங்க குரலுக்குத் திரும்பாம இருந்தேன்?"

"இன்னைக்குக் காலையிலேருந்து."

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். நடுவில் இன்னொரு ஆள் நடக்கிற அளவு இடம் இருந்தது. பின்னால் கிரேன்காரர் அந்தக் கிழட்டுப் பசுவின் முகத்தைத் தன் பழைய மேஸ்திரியின் முகத்தோடு ஒப்பிட்டு ஏதோ சொன்னார். பெண்கள் சிரித்தார்கள். தம்பியின் உதடு துடித்தது. அண்ணனுக்காகப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டார்.

அதைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டியிருக்கவில்லை. அந்த அடக்கம் கண்ணாடிக்கடைக்காரரைச் சிரிப்பைவிட அதிகமாகச் சுட்டது.

"சிரிப்பு வந்தா போய்ச் சிரி," என்றார்.

"அண்ணே..."

"போடா. கோவத்துல சொல்லலை."

கோபத்தில்தான் சொன்னார். தம்பிக்கும் அது தெரியும். ஆனாலும் நடை தளர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கி, பின்னால் வருகிறவர்களோடு சேர்ந்துகொண்டார். சீக்கிரமே அவருடைய சிரிப்பும் கேட்டது.

கண்ணாடிக்கடைக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மேஸ்திரிக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பது காதில் விழுகிற அளவுக்கு மட்டும் நடையைக் குறைத்துக்கொண்டார்.