இரண்டாம் பாகத்துக்கு வேறு நடிகை

1.

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. விண்வெளிப் படம் ஒன்றின் இரண்டாம் பாகம் வந்திருக்கிறது, முதல் பாகத்தோடு ஒப்பிட்டு எழுதித் தாருங்கள் என்று ஒரு பத்திரிகையில் கேட்டார்கள். போத்தனூரிலிருந்து ஸ்கூட்டரில் போய் மத்தியானக் காட்சி பார்த்தேன். படம் பாதிதான் காதில் விழுந்தது. எனக்கு முன்வரிசையில் ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார்.

2.

கட்டுரையின் தொடக்கம் (அடித்துவிட்டேன்):

‘அறிவியல் படங்களின் இரண்டாம் பாகத்தில் எல்லாமே பெருத்துவிடுகிறது. முதல் பாகத்தில் ஒரு விண்கலம் என்றால் இதில் ஒரு படையே வருகிறது. செத்த வில்லனுக்குத் தம்பி முளைக்கிறான். பெருத்துப்போகாத ஒரே விஷயம்...’

அது எதுவென்று யோசிப்பதற்குள் முன்வரிசைக்காரர் நினைவுக்கு வந்துவிட்டார். கட்டுரை அத்தோடு நின்றது.

அவருக்குக் கிருபாசங்கர் என்று பெயர் வைக்கிறேன். சிங்காநல்லூரில் பம்ப்செட் பட்டறை வைத்திருப்பவர். பக்கத்தில் மனைவி லோகப்பிரியா, கிணத்துக்கடவுப் பெண். கல்யாணமாகி ஒரு வருடம். அவருக்கு இது இரண்டாவது. முதல் மனைவி கோகிலவாணி நோயில் இறந்துவிட்டார். (பெயர்கள் மட்டுமே என் கைச்சரக்கு. மற்றதெல்லாம் அவரே சொன்னது. எங்கள் வரிசை முழுக்கக் கேட்டது.)

3. (முன்பு 4)

கிருபாசங்கரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. ஏசி குளிருகிறதென்று மனைவிக்குத் தன் துண்டைப் போர்த்திவிட்டார். முதல் பாகம் பார்க்காதவளுக்குக் கதை புரியாமல் போய்விடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் பேசிக்கொண்டே இருந்தார்.

“அம்மணி, இந்தக் கப்பல்தான் மொதப் பாகத்துல வெடிச்சுது. அப்பக் கோகிலா என் கையக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டா.”

“அப்படிங்களா.”

“இந்த எடத்துல ஒரு பாட்டு வரோணும். போன தடவ அவ அழுதுபோட்டா.”

“செரிங்க.”

இடைவேளைக்குப் பிறகு, முதல் பாகத்தில் விண்வெளியில் தொலைந்துபோன நாயகி திரும்பி வந்தாள். வேறு நடிகை. படத்தில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாயகன் கட்டிப்பிடித்து அழுதான். தியேட்டரே முனகியது.

“இவளும் நல்லாத்தான் நடிக்கறா. ஆனா மொத ஆளு மாதிரி வருமா? என்ன சொல்றே?”

லோகப்பிரியா துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“நான் மொதப் பாகம் பாக்கலீங்களே. எனக்கு இவங்கதானுங்க.”

“அட, அதுக்குத்தானே சொல்லிட்டே வாரேன்!” என்று மறுபடி ஆரம்பித்தார்.

அந்த மனிதரின் மண்டையில் ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது. வைக்கவில்லை. எங்கள் ஊரில், ‘ஏனுங்க, கொஞ்சம் மெதுவாப் பேசறீங்களா’ என்று கேட்கவே பலமுறை தொண்டையைச் செரும வேண்டியிருக்கிறது.

4.

இங்கே கதையை நிறுத்தியிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். ஆனால் வண்டி நிறுத்தும் இடத்தில் என் ஸ்கூட்டர் அவர்கள் பைக்குக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது.

அவர் ஒரு ஊதா ஹெல்மெட்டை நீட்டினார். லோகப்பிரியா வாங்கவில்லை.

“இது எனக்குப் பத்தறதில்லீங்க. காதெல்லாம் வலிக்குது.”

“எப்ப இருந்து?”

“போட்ட நாள்ல இருந்துங்க.”

“ஒரு வருசமாவா? சொல்லியிருந்தா மாத்தியிருப்பேனே அம்மணி!”

“அக்காளோட ஹெல்மெட்டுங்க. நான் எப்படிச் சொல்றது?”

(பார்த்தே இராத கோகிலவாணிதான் அந்த அக்கா. இரண்டாவதாக வந்தவள் அப்படித்தான் சொல்ல வேண்டும்.)

அவர் ஹெல்மெட்டின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“உக்கடம் பஸ் ஸ்டாண்டுல எறக்கி உட்ருங்க. பொள்ளாச்சி பஸ்ல ஏறிக் கெணத்துக்கடவுல எங்கம்மா ஊட்டுக்குப் போறனுங்க” என்றாள்.

எங்கள் பக்கம் எவ்வளவு கோபமிருந்தாலும் ‘போயிட்டு வாரேன்’ என்றுதான் கிளம்புவார்கள். அவள் அந்த ‘வாரேன்’ சொல்லவில்லை. கிருபாசங்கருக்கும் அது உறைத்திருக்க வேண்டும், முகம் செத்துவிட்டது.

5.

முடிவு (அ): பஸ் ஏறுகிறாள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, கண்ணில்... [அடித்துவிட்டேன். பொள்ளாச்சி பஸ்ஸில் அந்த நேரத்தில் ஜன்னலோரம் கிடைக்காது.]

முடிவு (ஆ): ஹெல்மெட்டை வீசி எறிந்துவிட்டு அவளை அணைத்துக்கொள்கிறார். [இரண்டாம் பாகங்களில் இப்படித்தான் செய்வார்கள்.]

நான் பார்த்தது இவ்வளவுதான். ஊதா ஹெல்மெட்டைப் பத்திரமாக வண்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். தன் ஹெல்மெட்டைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டார். அது புருவத்தை மறைத்துக்கொண்டு இறங்கியது.

“இதும் செரியா இல்லீங்க. பெருசா இருக்குது” என்றாள், உடனே.

“செரி. இன்னும் என்னென்ன செரியில்லைன்னு சொல்லு.”

அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். சமையலறை அலமாரியின் உயரம் என்றாள், கட்டில் போட்டிருக்கும் திசை என்றாள், மேற்கொண்டு என்னவோ சொல்லிக்கொண்டே போனாள். அன்றைக்கு முதல் தடவையாக அவர் வாயைத் திறக்கவில்லை. கழுத்தை லேசாகப் பின்னால் திருப்பிக் கேட்டுக்கொண்டே வண்டியை உருட்டினார். அதற்குள் பார்க்கிங்காரர் என்னைத் திட்ட, நான் என் ஸ்கூட்டரை நகர்த்தப் போய்விட்டேன்.

கதையில் இப்போது அவர்கள் தியேட்டர் கேட்டில் நிற்கிறார்கள். இடப்பக்கம் உக்கடம் பஸ் ஸ்டாண்டு, வலப்பக்கம் சிங்காநல்லூர் வீடு. அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. எந்தப் பக்கம் திருப்புவது என்று எனக்குத் தெரியவில்லை, உங்களிடம் விடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அவர் தலையில் ஹெல்மெட் இல்லை, சிக்னலில் போலீஸ் நிற்கிறது.