நெளிகிற எழுத்து

எண்பத்தொன்றாம் வருஷம், பிச்சம்மாள் ஐந்தாம் வகுப்பில் மறுபடியும் தவறிவிட்டாள் என்று தெரிந்த அன்று ஆறுமுகத்தாய் அழவில்லை. உலையில் அரிசி போட்டாள், குழம்புக்குப் புளி கரைத்தாள். பெற்ற மகளைத் திட்டவும் தோன்றவில்லை, தேற்றவும் தோன்றவில்லை. அழுகையெல்லாம் போன வருஷமே தீர்ந்துபோய், உள்ளே மரத்துக் கிடந்தது.

அவள் புருஷன் காளிராஜுக்கு அப்படி இல்லை. யூனியன் ஆபீஸ் கிளார்க். ஊரார் மனுவையெல்லாம் ஒரே மூச்சில் வாசித்துத் தள்ளுகிற மனுஷன் வீட்டில் ஒரு வரி வாசிக்கத் தெரியாத பிள்ளை. தன் மானம் கப்பலேறிவிட்டதாக நினைத்துக்கொண்டான். அந்தக் கப்பலைப் பார்க்க ஊரில் யாருக்கும் நேரமில்லை என்பது வேறு விஷயம்.

“இன்னும் ஒரு வருசம் பாப்பேன். அதுலயும் தேறலன்னா தறி செட்டுல நூலுத்தார் சுத்தப் போவட்டும்” என்றான்.

அதற்கு முன்பே ஒருநாள் அவன் பிரம்பும் கையுமாக உட்கார்ந்து வாசிக்கச் சொன்னபோது, பிச்சம்மாள் அழுதுகொண்டே, “எழுத்தெல்லாம் நெளியுதுப்பா” என்றிருந்தாள். வேறு ஊராக இருந்தால் கண்ணாடி போடச் சொல்லியிருப்பார்கள். பாம்புப் புற்றுக்குப் பேர்போன சங்கரன்கோவிலில் ஒரு பிள்ளை நெளிகிறது என்று சொன்னால் யோசிக்க வேறு என்ன இருக்கிறது? நாகதோஷம் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. கோவிலில் புற்றுமண் வாங்கி நெற்றியில் பூசினார்கள், நாக்கிலும் வைத்தார்கள். பிள்ளை தேறினால் வெள்ளியில் பாம்பு வாங்கி உண்டியலில் போடுவதாகக் காளிராஜ் நேர்ந்துகொண்டான். ஆறுமுகத்தாயும் கூடப் போனாள், கும்பிட்டாள், வந்தாள்.

பள்ளிக்கூடம் திறந்ததும் புதிதாக வந்த ஞானபூரணம் டீச்சர் அவளை வரச் சொல்லி ஆள் அனுப்பினாள்.

“ஒங்க பிள்ள மக்கு இல்லம்மா. கேள்விய நான் வாசிச்சா டக்குனு பதில் சொல்லுதா. அதையே தாள்ல பாத்தா முழிக்கா. பாளையங்கோட்டையில டிரெயினிங் படிக்கையில இப்படியும் பிள்ளைங்க உண்டுன்னு சொல்லிக் குடுத்தாங்க. அடிச்சாலும் வராது, மருந்து குடுத்தாலும் போவாது. காதால படிக்க வைக்கணும்.”

“யாரு படிச்சுக் காட்டுவா டீச்சர்?”

“நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கிய?”

“எட்டு.”

சொன்ன பிறகு, அது வேறு யாரைப் பற்றியோ சொன்னது மாதிரி இருந்தது அவளுக்கு. கல்யாணமானதிலிருந்து பலசரக்கு மடித்து வந்த தாளைத் தவிர எதையும் அவள் வாசித்ததில்லை.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தாள். தட்டுத் தடுமாறி ஒரு பாடத்தை வாசிப்பாள். பிச்சம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்பாள், கேட்டதை ஒப்பிப்பாள். அப்புறம் டீச்சர் சொன்னபடி முறத்தில் அரிசியைப் பரப்பி, ஒரே ஒரு எழுத்தை விரலால் திரும்பத் திரும்ப எழுத வைப்பாள். பாசம் பொங்கிச் செய்தாள் என்று சொன்னால் பொய். பாத்திரம் தேய்ப்பது போலத்தான் செய்தாள். ஆனால் ஒருநாளும் விடவில்லை.

முழுப்பரீட்சையில் டீச்சர் கேள்விகளை வாய்விட்டுக் கேட்டு, பிச்சம்மாள் சொன்ன பதிலைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டாள். ஹெட்மாஸ்டர் அந்தப் பக்கம் வந்தார், பார்த்தார், பார்க்காதவர் போலப் போய்விட்டார். பிச்சம்மாள் தேறினாள்.

காளிராஜ் அன்றைக்கே வெள்ளிப் பாம்பு வாங்கி உண்டியலில் போட்டான். திரும்பி வரும்போது முகமெல்லாம் சிரிப்பு.

“பாத்தியாட்டி, தோசம் கழிஞ்சிட்டு! இனி நீ வாசிச்சது போதும். பிள்ள தானாப் படிக்கட்டும்.”

ஆறுமுகத்தாய் சரி என்றாள். சந்தோஷம் வந்ததா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். வரவில்லை. அதன் பிறகு பிச்சம்மாள் ஆறாம் வகுப்புப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அம்மா முகத்தையே பார்ப்பாள். ஆறுமுகத்தாய் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ராயகிரியிலிருந்து காளிராஜின் அண்ணன் சங்கரபாண்டியன் வந்தார். சாப்பாடு முடிந்ததும் காளிராஜ் மகளைக் கூப்பிட்டான்.

“ஏட்டி, பெரியப்பாவுக்குப் பேப்பர் வாசிச்சுக் காமி.”

பிச்சம்மாள் பேப்பரைப் பிடித்தபடி நின்றாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சங்கரபாண்டியன் தொண்டையைச் செருமிக்கொண்டார். காளிராஜ் கையை ஓங்கிவிட்டான்.

புருஷனுடைய அண்ணன் முன்னால் வந்து நிற்கிற வழக்கமே இல்லாத ஆறுமுகத்தாய், அடுக்களையிலிருந்து நேரே வந்து மகள் கையிலிருந்த பேப்பரை வாங்கினாள். கண்ணில் பட்ட செய்தியைச் சத்தமாக வாசித்தாள். தென்காசிப் பக்கம் மழை, குளங்கள் பெருகின என்று என்னவோ. பிச்சம்மாள் கண்ணை மூடிக்கொண்டு அத்தனையையும் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னாள்.

“பாம்பு போட்ட பெறவுமா?” என்றான் காளிராஜ். ஓங்கிய கை தானாகக் கீழே வந்திருந்தது.

“இது பாம்பு இல்ல. இவ கண்ணு இப்படித்தான். நாளைக்கும் இப்படித்தான் இருக்கும். நான் வாசிப்பேன், இவ படிப்பா. தார் சுத்தப் போவ மாட்டா.”

ஆறுமுகத்தாய் பேப்பரைக் கீழே வைக்கவில்லை. பயமாக இருந்தது. பயமோ என்னவோ, ரொம்ப காலத்துக்குப் பிறகு உள்ளே ஏதோ ஒன்று இருந்தது.

பிச்சம்மாள் கண்ணைத் திறக்கவே இல்லை.

“மேல வாசிம்மா” என்றாள்.